தட்டில் தண்ணீர் வேண்டாம்: குடுவைச் செடிக்கு நீர் விடும் முறை

பூச்சி தின்னும் செடி என்று ஆசைப்பட்டு நர்சரியிலிருந்து ஒன்றை வாங்கிவந்தால், கூடவே இலவச அறிவுரையும் வந்துவிடும். "சதுப்பு நிலச் செடி சார், தட்டுல எப்பவும் தண்ணி நிக்கணும்" என்பார் ஒருவர். "வேருக்கு வேண்டாம், குடுவைக்குள்ள ஊத்துங்க" என்பார் இன்னொருவர். "ஆர்.ஓ. தண்ணி மட்டும்தான்" என்பது மூன்றாவது கட்சி. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதுதான் சிக்கல். முதல் அறிவுரை வேறொரு செடிக்குச் சொன்னது. இரண்டாவது, செடி எந்த உறுப்பால் குடிக்கிறது, எந்த உறுப்பால் சாப்பிடுகிறது என்பதைக் குழப்பிக்கொள்கிறது. மூன்றாவது சரிதான். ஆனால் ஏன் என்று தெரியாததால், ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றியே செடியை அழுகவிடுகிறவர்கள் நிறைய.

நம்மூரில் விற்கும் குடுவைச் செடியின் பெயர் நெப்பந்தஸ். அதற்கு வேண்டியது தேங்கி நிற்கும் தண்ணீர் அல்ல, தொட்டியைக் கடந்துபோகும் தண்ணீர். இந்த ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் தானே வரும்.

எந்தச் செடி இது?

குடுவை உள்ள செடிகள் எல்லாம் ஒரே குடும்பம் இல்லை. வட அமெரிக்காவின் சாரசீனியாவுக்குத் தரையிலிருந்தே குழல் குழலாக நிமிர்ந்து நிற்கும் இலைகள். அதுவும், அதே கண்டத்தைச் சேர்ந்த வீனஸ் பூச்சிப்பொறியும் சதுப்பு நிலத்தில் வளர்பவை. தட்டில் தண்ணீர் வைத்து அதில் தொட்டியை உட்காரவைக்கும் முறை அவற்றுக்காக வந்தது. இணையத்தில் 'பூச்சியுண்ணும் தாவரம் வளர்ப்பது எப்படி' என்று தேடினால் முதலில் கிடைப்பதும் அந்த முறைதான்.

நெப்பந்தஸ் வேறு. இது கொடி. இலையின் நடுநரம்பு நுனியைத் தாண்டி ஒரு பற்றுக்கம்பியாக நீண்டு, அதன் முனை ஊதிக் குடுவையாகத் தொங்கும். மேலே ஒரு மூடி. நம்மூர் நர்சரிகளில் தொங்கும் தொட்டியில் விற்பது பெரும்பாலும் இதன் கலப்பினங்கள். வென்ட்ராட்டா, மிராண்டா என்ற பெயர்களில் வரும்.

இதன் தாயகம் பெரும்பாலும் தென்கிழக்கு ஆசியா: போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ். மேற்கே வரவர இனங்கள் குறைந்துகொண்டே வரும். இந்தியாவில் ஒரே ஒரு இனம், மேகாலயாவின் காரோ, காசி, ஜெயின்டியா மலைகளில் வளரும் நெப்பந்தஸ் காசியானா. இலங்கையிலும் ஒரே இனம், தென்மேற்கின் ஈர வலயத்தில் வளரும் நெப்பந்தஸ் டிஸ்டிலட்டோரியா. தாவரங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1753ல் இந்தப் பேரினத்தை முறைப்படி வெளியிட்டபோது கையில் எடுத்தது இந்த இலங்கைச் செடியைத்தான். (காசியானா அழிவின் விளிம்பில் இருப்பது. அதன் சர்வதேச வணிகத்துக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. காட்டிலிருந்து பிடுங்கியது என்று சொல்லி யாராவது விற்றால் வாங்காதீர்கள்.)

இந்த இடங்களில் எல்லாம் மழை கொட்டும். 'அப்படியென்றால் நிறையத் தண்ணீர்தானே வேண்டும்?' என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. காசி மலையின் தெற்குச் சரிவில் இருக்கும் சிரபுஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்குச் சராசரியாக 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஆனாலும் குளிர்காலம் வந்தால் அங்கே குடிநீருக்கு அலைகிறார்கள். பெய்ததெல்லாம் சரிவில் வழிந்து கீழே வங்கதேசத்துச் சமவெளிக்குப் போய்விடுகிறது. நெப்பந்தஸ் பழகியிருப்பது இப்படிப்பட்ட ஈரத்துக்கு: அடிக்கடி நனையும், ஆனால் காலடியில் தேங்காது. சில இனங்கள் மரக்கிளையில், வெறும் பாசியில் வேர் பிடித்தே வாழ்கின்றன.

விதிவிலக்கும் உண்டு. போர்னியோவின் பீட் சதுப்புக் காடுகளில் வளரும் ஆம்புலேரியா, பைகால்கரேட்டா போன்ற நெப்பந்தஸ் இனங்கள் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். முதல் செடி வாங்குகிறவர் இந்த விதிவிலக்கை மறந்துவிடலாம்.

ஆக, சாரசீனியாவுக்குச் சொன்னதை நெப்பந்தஸுக்குச் செய்யக் கூடாது. இதற்கு அடிக்கடி ஈரம் வேண்டும், தேக்கம் கூடாது.

வேருக்கும் மூச்சு வேண்டும்

தேங்கினால் என்ன ஆகும்? வேர் உயிருள்ள உறுப்பு. அதன் செல்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். நல்ல மண்கலவையில் துகள்களுக்கு நடுவே காற்று இருக்கும், வேர் அங்கிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளிகளைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வழி கிட்டத்தட்ட மூடிவிடும், ஏனென்றால் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. வேர் மூச்சுத் திணறும், பிறகு சாகும். செத்த வேரைப் பூஞ்சை தின்னும். இதைத்தான் வேரழுகல் என்கிறோம்.

'என் தொட்டியில்தான் துளை இருக்கிறதே' என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. வேட்டியைத் துவைத்துக் கொடியில் போட்டால் மேற்பகுதி காய்ந்த பிறகும் கீழ்க்கரை ஈரமாகவே கனத்துத் தொங்குமே, தொட்டியிலும் அதுதான் நடக்கிறது. நூலிழைகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளிகள் தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. இந்தப் பிடிப்புக்கு நுண்புழை விசை என்று பெயர். கீழ்க்கரையில் அந்தப் பிடிப்பு புவியீர்ப்பை வென்றுவிடுவதால் தண்ணீர் சொட்டாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. தொட்டியின் அடியிலும் இப்படி ஒரு ஈரப்பட்டை எப்போதும் இருக்கும். கலவை எவ்வளவு நைசாக இருக்கிறதோ அந்தப் பட்டை அவ்வளவு உயரம்.

இது தெரிந்தால் இன்னொரு பழக்கத்தையும் கைவிடலாம். 'வடிகாலுக்கு' என்று தொட்டியின் அடியில் கூழாங்கல் போடுகிறோம். அதனால் ஈரப்பட்டை காணாமல் போவதில்லை, கல்லுக்கு மேலே ஏறிக்கொள்கிறது. வேருக்கு இருந்த இடமும் குறைந்துபோகிறது. கல்லை எடுத்துவிட்டு, கலவை முழுவதையுமே கரடாக்குவதுதான் வழி. ஸ்பாக்னம் என்ற சதுப்புநிலப் பாசியும் பெர்லைட் என்ற இலேசான வெள்ளைக் கல்துகளும் சம அளவு கலந்தால் போதும். ஸ்பாக்னம் விலை கட்டுப்படியாகாதவர்கள் தென்னைமட்டைத் துண்டுகளுடன் பெர்லைட் சேர்த்துக்கொள்ளலாம். தோட்ட மண், தொழு உரம், மண்புழு உரம் எதுவும் வேண்டாம். சத்தில்லாத இடத்தில் பூச்சியைப் பிடித்துப் பிழைக்கப் பழகிய செடி இது, வேருக்கு விருந்து ஒத்துக்கொள்ளாது.

வேரழுகல் ஆளை ஏமாற்றும். வேர் செத்ததால் செடி தண்ணீர் உறிஞ்ச முடியாமல் வாடும். வாடுகிறதே என்று நாம் இன்னும் ஊற்றுவோம். மிச்ச வேரும் போகும்.

சந்தேகம் வந்தால் செடியைத் தொட்டியிலிருந்து மெதுவாக வெளியே எடுத்துப் பார்ப்பது நல்லது. ஆனால் ஒரு எச்சரிக்கை. நெப்பந்தஸின் வேர் நல்ல ஆரோக்கியத்திலேயே கறுப்புதான். முடிபோல மெலிந்து, சன்னமான தூவிகளுடன் இருக்கும். துளசியின் வெள்ளை வேரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எல்லாமே அழுகிவிட்டதாகத் தோன்றும், கத்தரிக்கோலைத் தேடுவோம். நிறத்தை நம்ப வேண்டாம். ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இலேசாக இழுத்துப் பாருங்கள். உயிருள்ள வேர் விறைப்பாக நிற்கும், வளரும் நுனி வெளிறியிருக்கும். அழுகிய வேரில் மேல்தோல் உறைபோலக் கழன்று விரலோடு வந்துவிடும், உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். மூக்குக்கு அருகில் கொண்டுபோனால் சாக்கடை வாடை அடிக்கும்.

சுருக்கமாக: வேருக்குத் தண்ணீரும் காற்றும் ஒருசேர வேண்டும். தொட்டிக்குக் கீழே தட்டு வேண்டாம், அடியில் கல் வேண்டாம், கரடான கலவை வேண்டும்.

உப்பு மட்டும் தங்கிவிடும்

இப்போது ஆர்.ஓ. கட்சிக்கு வருவோம். எந்தத் தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு கரைந்திருக்கும். சமையல் உப்பு மட்டுமல்ல. கால்சியம், மக்னீசியம் போன்றவையும் சேர்த்திதான். மொத்தமாக எவ்வளவு கரைந்திருக்கிறது என்ற அளவே டிடிஎஸ். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள். மீட்டரின் திரையில் வரும் பிபிஎம் எண்ணும் நடைமுறையில் அதேதான். பேனா போன்ற அந்த மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்தச் செடிக்கு உரம் வாங்கும் காசில் அதை வாங்கிவிடுங்கள்.

இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500ன்படி டிடிஎஸ் 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை பரவாயில்லை. அது மனிதனுக்கான கணக்கு. நெப்பந்தஸ் வளர்ப்பவர்கள் 50க்குக் கீழே இருந்தால் நல்லது என்பார்கள், 100 வரை சமாளிக்கலாம். சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் ஆயிரத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும்.

ஆயிரம் என்றால் ஒரு லிட்டரில் ஒரு கிராம் உப்பு. தினமும் கால் லிட்டர், அதுவும் கீழே சொட்டாமல் 'அளவாக' ஊற்றுகிறீர்கள் என்று வையுங்கள். செடி தண்ணீரைக் குடிக்கும், வெயில் மிச்சத்தைக் குடிக்கும். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு எங்கேயும் போகாது. முப்பது நாளில் தொட்டிக்குள் ஏழரை கிராம், ஒரு டீஸ்பூனுக்கு மேல். ஒரு டீஸ்பூன் உப்பை எடுத்துச் செடியின் காலடியில் கொட்டு என்றால் கொட்டுவோமா? வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளையும் தொட்டியின் விளிம்பில் பூக்கும் வெள்ளையும் ஒன்றுதான்.

உப்பு சேர்ந்தால் வேருக்கு என்ன? மெல்லிய சவ்வின் இரண்டு பக்கமும் உப்பின் அடர்த்தி வேறுபட்டால், குறைந்த பக்கத்திலிருந்து கூடின பக்கத்துக்குத் தண்ணீர் நகரும். இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். வழக்கமாக வேருக்குள் அடர்த்தி அதிகம், அதனால் தண்ணீர் உள்ளே போகிறது. மண்ணில் உப்பு ஏற ஏற இந்த இழுப்பு குறையும். ஒரு கட்டத்துக்கு மேல் ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடும். இலை ஓரம் பழுப்பாகும், குடுவை முளையிலேயே கருகும். ஆர்.ஓ. என்பது இந்தப் பரவலைத் தலைகீழாக்கும் இயந்திரம். அழுத்தம் கொடுத்து, உப்பைப் பின்னால் நிறுத்தித் தண்ணீரை மட்டும் சவ்வின் வழியே தள்ளுகிறது.

சுத்தமான தண்ணீரிலும் சிறிது உப்பு இருக்கிறது என்பதால், அதையும் 'அளவாக' ஊற்றிக்கொண்டே இருந்தால் மெதுவாகச் சேரத்தான் செய்யும். தட்டில் தேங்கியதைத் தொட்டி திரும்ப உறிஞ்சினால், கழுவி விட்ட உப்பும் அதோடு மேலே ஏறும். அதனால் ஒவ்வொரு முறையும் மேலிருந்து தாராளமாக ஊற்றி, அடித்துளையில் நன்றாக ஓடவிட்டு, ஓடியதை அப்படியே போகவிட வேண்டும். பழைய உப்பு அதோடு போய்விடும். தண்ணீர் இறங்கும்போது அதன் பின்னாலேயே புதுக் காற்றும் தொட்டிக்குள் இழுபடும். காற்றுக்காக ஒரு வேலை, உப்புக்காக ஒரு வேலை என்று தனித்தனியாக எதுவும் இல்லை.

எந்தத் தண்ணீர்?

மழைத் தண்ணீருக்கு இணை எதுவும் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் மொட்டை மாடியின் தூசியை முதல் மழை கழுவிய பிறகு டிரம்மில் பிடித்து மூடிவைத்தால் பல வாரங்களுக்கு வரும். கொசு புகாமல் மூட வேண்டும், அது முக்கியம்.

வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. ஆனால் பல இயந்திரங்களில் ருசிக்காகக் கொஞ்சம் உப்பைத் திரும்பச் சேர்க்கும் ஏற்பாடு இருக்கும், அதனால் அளந்துவிடுங்கள். கேன் தண்ணீருக்கும் இதேதான், கேனுக்குக் கேன் மாறும். ஏசியிலிருந்து சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, உப்பு மிகக் குறைவு. மெக்கானிக் வந்து ரசாயனம் போட்டுக் கழுவிய நாட்களில் மட்டும் பிடிக்காதீர்கள்.

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு வேறு. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுவது. செம்பருத்தி பொறுத்துக்கொள்ளலாம். நெப்பந்தஸுக்கு அது போர் தண்ணீரைவிட மோசம், ஏனென்றால் பின்னால் நிறுத்தப்பட்ட உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீரை ஒரு இரவு திறந்துவைத்தால் குளோரின் கொஞ்சம் போகும், உப்பு போகாது. காய்ச்சி ஆறவைத்தாலோ, தண்ணீர் ஆவியான அளவுக்கு மிச்ச உப்பு செறிவாகும். கடின நீரை மென்னீராக்கும் கருவி கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைப் போடுகிறது, அதுவும் உதவாது.

கோகோபீட் என்ற தென்னைநார்த் துகள் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொள்ளாச்சிப் பக்கம் தயாராகும் கட்டிகளில் கழுவியது, கழுவாதது என்று இரண்டு தரம் உண்டு. கழுவாததில் சோடியமும் பொட்டாசியமும் நிறைய இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த நீரின் டிடிஎஸ் இறங்கும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். பொறுமை இல்லையென்றால் கழுவியதையே கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு, எப்போது?

'இரண்டு நாளைக்கு ஒரு முறை' என்பது போன்ற கணக்கை நம்ப வேண்டாம். மே மாதத் திருச்சியும் நவம்பர் மாதச் சென்னையும் ஒன்றா? தொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். நன்றாக ஊற்றி வடிந்ததும் ஒரு கனம் இருக்கும், அதை நினைவில் வையுங்கள். அதில் பாதிக்கு மேல் குறைந்து, மேல்பாசி வெளிறி, விரலை வைத்தால் சில்லென்று மட்டும் இருந்தால் ஊற்றும் நேரம். கோடையில் அது தினமும் வரும், அடைமழையில் பல நாள் வராமலே போகும்.

ஒரேயடியாகக் காயவிடவும் கூடாது. பாசியும் கோகோபீட்டும் சுக்காகக் காய்ந்தால் தண்ணீரை ஏற்க மறுக்கும். ஊற்றியது ஓரமாக வழிந்து அடியில் வந்துவிடும், நடுவில் தூசி பறக்கும். அப்படி ஆனால் மட்டும் தொட்டியை ஒரு வாளியில் பத்துப் பதினைந்து நிமிடம் அமிழ்த்தி எடுத்து, முழுக்க வடியவிடலாம்.

காலையில் ஊற்றுவது நல்லது. மத்தியான வெயிலில் சூடேறிய டிரம் தண்ணீரைத் தொட்டுப் பார்க்காமல் ஊற்றாதீர்கள், கையைச் சுட்டால் வேரையும் சுடும்.

குடுவைக்குள் இருப்பது என்ன?

குடுவை தண்ணீர் குடிக்கும் வாய் அல்ல, வயிறு. மூடி திறப்பதற்கு முன்பே செடி அதற்குள் தன் திரவத்தைச் சுரந்துவிடும். புளித்த அந்தத் திரவத்தில் பூச்சியின் புரதத்தை உடைக்கும் நொதிகள் இருக்கும். பெரும்பாலான இனங்களில் மூடியின் வேலையே மழை உள்ளே விழாமல் தடுப்பது. அதைத் தாண்டி நாம் வாய்வரை ஊற்றினால் நொதி நீர்த்துப்போகும், கனம் தாங்காமல் பற்றுக்கம்பியும் மடங்கும்.

கூரியரில் கவிழ்ந்து வந்த செடியின் குடுவை வெறுமையாக இருந்தால், காய்ந்துவிடாமலிருக்க அடியில் கால்பங்கு நல்ல தண்ணீர் விடலாம். அவ்வளவே. பால், இறைச்சித் துண்டு, கரைத்த உரம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். பால்கனியில் எறும்புக்குப் பஞ்சமா என்ன?

குடுவையின் விளிம்பு ஈரமாக இருக்கும்போதுதான் எறும்பின் கால் வழுக்கும் என்று 2004ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மழையோ பனியோ நனைத்த விளிம்பில் மெல்லிய நீர்ப்படலம் பரவுகிறது, அதன் மேல் கால் பிடிக்காது. காய்ந்த விளிம்பில் எறும்பு உல்லாசமாகத் தேனை நக்கிவிட்டுப் போய்விடும்.

வேரால் குடிக்கிறது, குடுவையால் சாப்பிடுகிறது. நாம் வேரைக் கவனித்தால் போதும்.

தண்ணீர் மேல் விழும் வீண்பழி

எல்லாம் சரியாகச் செய்தும் புதுக் குடுவை வராமல், பற்றுக்கம்பியின் நுனி கருகிப்போவது உண்டு. உடனே தண்ணீரை மாற்றாதீர்கள். முதலில் காற்றின் ஈரத்தைப் பாருங்கள். கடலோரத்தில் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. மதுரை, திருச்சிக் கோடை மத்தியானங்களில் காற்று காய்ந்துவிடும். ஸ்பிரே பாட்டிலால் இலையை நனைப்பது சில நிமிடத்துக்கு மேல் நிற்காது. மற்ற செடிகளுக்கு நடுவே, அனல்காற்று படாத மூலையில் தொங்கவிடுவது அதைவிடப் பலன் தரும்.

இரண்டாவது வெளிச்சம். நிழல் செடி என்று ஹாலில் வைத்தால் இலை பச்சைப்பசேலென்று நீளும், குடுவை வராது. காலை வெயில் இரண்டு மூன்று மணிநேரம் பட வேண்டும். மூன்றாவது இனம். உயர்ந்த மலைகளில் வளரும் இனங்களுக்கு இரவு குளிர வேண்டும். சென்னையில் எந்தத் தண்ணீர் ஊற்றினாலும் அவை தேறாது, உதகைக்காரர்கள் முயன்று பார்க்கலாம்.

இதுவரை தட்டில் நின்ற செடி உங்களிடம் இருந்தால், இன்றைக்குத் தட்டை எடுத்துவிட்டு, டிடிஎஸ் குறைந்த தண்ணீரைத் தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு மெதுவாக ஊற்றி ஓடவிடுங்கள். கடைசியில் வடிவதை மீட்டரில் பாருங்கள், ஊற்றிய தண்ணீரின் எண்ணுக்குக் கிட்டே வந்தால் போதும். வேர் அழுகியிருந்தால் கலவையையும் மாற்ற வேண்டும். அதன்பிறகு சில வாரங்களுக்குச் செடி எதுவும் காட்டாது. குடுவை முளை கருகிப்போன பழைய இலையில் இன்னொன்று வராது, அதனால் அவற்றைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். இனி விரியும் இலைகளின் நுனியைத்தான் கவனிக்க வேண்டும்.